காசு கொடுத்து வாங்கிய கார் பந்தயம் மாயம்!

கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருளை, விற்றவரே திரும்பி வந்து பூட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடியோ கேம் வாங்கியவர்களுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பிரான்சு நாட்டுக் கம்பெனியான யூபிசாப்ட், 2014-ல் "தி க்ரூ" என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. 2015-ல் "வைல்ட் ரன்" என்ற கூடுதல் பகுதி வந்தது. 2016-ல் வந்தது "காலிங் ஆல் யூனிட்ஸ்". இதில் போலீசாக மாறி, பறக்கும் கார்களைத் துரத்திப் பிடிக்கலாம். இரண்டுக்கும் தனிக்காசு.

சர்வர் நிறுத்தம்

கம்பெனியின் சர்வரோடு தொடர்பு இருந்தால்தான் விளையாட்டு ஓடும். ஒண்டியாக ஆடினாலும் அப்படித்தான். 2024 மார்ச் 31-ந்தேதி சர்வரை நிறுத்தி விட்டார்கள். பந்தயமும் போச்சு, போலீஸ் துரத்தலும் போச்சு! சி.டி.யாக வாங்கியவர் கையில் மிச்சம் வெறும் தட்டுதான்.

கோர்ட்டில் வழக்கு

2024 நவம்பரில் கலிபோர்னியாவைச் சேர்ந்த 2 பேர் வழக்கு போட்டனர். விற்றது விளையாட அனுமதி மட்டுமே, விளையாட்டு சொந்தமாகாது என்பது கம்பெனியின் வாதம்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் புதுச்சட்டம் அமலுக்கு வந்தது. இப்படிப் பறிபோகக் கூடியதை "வாங்குங்கள்" என்று விற்றால், கிடைப்பது அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

சொல்லிவிட்டுப் பூட்டலாம், சொல்லாமல் பூட்டக்கூடாது. சட்டம் தந்த பாதுகாப்பு அவ்வளவுதான்!