பால்நிலை மாற்றமும் ஆளடையாளப் பத்திரங்களும்: ஊர் மீள்வோர் நிலை பற்றிய சில குறிப்புகள்

நவீன அரசுக்கும் தனிமனிதனுக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் கடதாசி வழியாகவே நடைபெறுகின்றது. வடக்கு, கிழக்குத் தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டை, போர்க்காலத்தில், சோதனைச்சாவடியைக் கடப்பவர் வீடு சேர்வாரா தடுத்துவைக்கப்படுவாரா என்பதைத் தீர்மானிக்கும் பொருளாயிற்று. அட்டையைத் தொலைத்தவரின் அச்சத்தை நாம் நன்கறிவோம். ஆயின், அட்டையைக் கையில் வைத்திருப்பதனாலேயே அஞ்சவேண்டியோரும் நம்மிடையே உளர். பால்நிலை மாறி வாழ்வோரையே இங்கு கருதுகின்றோம். அட்டையிலுள்ள பெயரும் படமும் பாலும் ஒருவரையும், முன்னே நிற்கும் உடலும் உடையும் குரலும் இன்னொருவரையும் சுட்டுமிடத்து, அடையாள அட்டை ஆள்மாறாட்டத்துக்குச் சான்றாகிவிடுகின்றது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள ஆள்மாறாட்ட வஞ்சகம் பற்றிய 399ஆம் பிரிவு இவர்களுக்கெதிராகக் கையாளப்பட்டமை மனித உரிமை அறிக்கைகளிற் பதிவாகியுள்ளது.

இந்நிலையில் ஒரு மாற்றம் 2016இல் ஏற்பட்டது. சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபத்தின்படி, உளமருத்துவ நிபுணரொருவர் தம்மிடம் வந்தவரின் நிலையை ஆராய்ந்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழை வழங்கலாம். அச்சான்றிதழை ஏற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்துவதற்கான சுற்றுநிருபத்தைப் பதிவாளர் நாயகம் திணைக்களமும் அதே ஆண்டில் வெளியிட்டது. திருத்திய பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தைக் கொண்டு அடையாள அட்டையையும், அதனைக் கொண்டு கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கணக்கு என்பவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். க.பொ.த. பரீட்சைச் சான்றிதழ்கள் வேறொரு திணைக்களத்தின் பாற்பட்டவை. அவற்றிற்கு அங்கு தனியே முயலவேண்டும்.

ஏட்டளவில் இது சீரான ஒழுங்காகவே தோன்றும். ஆனால் இச்சங்கிலியின் கண்ணிகள் எங்கெங்கே உள்ளன என நோக்குவோமாயின் வேறொரு சித்திரம் புலப்படும். முதற்கண்ணியாகிய உளமருத்துவ நிபுணர் பெரும்பாலும் நகரத்து வைத்தியசாலையில் உள்ளார். இரண்டாவதாகிய பிறப்புப் பதிவு, பிறந்த பிரிவின் பதிவேட்டில் உள்ளது. மூன்றாவதாகிய அடையாள அட்டை விண்ணப்பம் கிராம அலுவலரின் கையொப்பத்துடனேயே மேலே செல்லும். பருத்தித்துறைப் பக்கத்துக் கிராமமொன்றில் ஆணாகப் பதியப்பட்டுப் பிறந்து, இருபது வயதிற் கொழும்புக்குச் சென்று, அங்கே பெண்ணாக வாழத் தலைப்பட்ட ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். தாயின் முதுமையோ, வாடகைச் சுமையோ, வேலையிழப்போ அவரை ஊருக்கு அழைக்கின்றது. அவர் ஊரைவிட்டு நீங்கியதே ஊரின் கண்களுக்குத் தப்புவதற்காக. இப்போதோ, சட்டத்தின் கண்ணில் தாமாகத் தோன்றுவதற்கு அதே கண்களின் முன் சென்று நிற்கவேண்டியுள்ளது.

கிராம அலுவலர் அரசின் கடைக்கோடிப் பிரதிநிதி. அத்தோடு ஊரின் சாதி, காணி எல்லை, குடும்பப் பகை யாவற்றையும் அறிந்தவர். பல வேளைகளில் அவற்றினுள் தாமும் ஒருவர். "நீர் இன்னாரின் மகனல்லவா?" என்ற ஒரு வினா அலுவலகத்து வாங்கில் அமர்ந்திருப்போர் அனைவர் காதிலும் விழும். படிவத்தில் இத்தகைய வினா இல்லை. எனினும் படிவத்தை எடுத்துச் செல்பவர் அதற்கு விடை கூறாமல் மீள்வது அரிது. பிறப்பு அத்தாட்சிப்பத்திரமும் பாலை மட்டும் கூறுவதன்று என்பதை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். தந்தையின் இனம், பெற்றோர் மணம் புரிந்தோரா என்பன போன்றவற்றையும் அதிற் பதிதல் நெடுங்காலமாக நிலவிய வழக்கம். இனத்தையும் பாலையும் குடும்ப ஒழுக்கத்தையும் ஒரே தாளில் நிலைநிறுத்தும் அரசு, அவற்றுளொன்றை அசைக்க விரும்புவோரை எளிதில் விட்டுவிடுமென எதிர்பார்த்தற்கில்லை.

அடையாள அட்டையின் எண் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். பலர் இதனை அறியார். எண்ணின் முதற்பகுதி பிறந்த ஆண்டு. அதனையடுத்து வரும் மூன்று இலக்கங்கள் அவ்வாண்டிற் பிறந்த நாளின் வரிசை. பெண்ணாயின் அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 032. அதே நாளிற் பிறந்த பெண்ணுக்கு 532. எனவே அட்டையில் ஆண், பெண் என்ற சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, எண்ணே மாறவேண்டியதாகின்றது. இரண்டுமல்லாத ஒருவருக்கு இக்கணக்கில் இடமேயில்லை. 2016இற் பன்னிரண்டு இலக்க எண் அறிமுகமானபோதும் இம்முறை அவ்வாறே தொடர்ந்தது. சுற்றுநிருபங்கள் வெளியான ஆண்டும் அதுவே!

இவ்வெண் மாற்றத்தின் பொருளியற் பரிமாணமே எமக்கு முதன்மையாகப் படுகின்றது. முற்போக்கு வட்டாரங்களில் இவ்விடயத்தை நகர்ப்புற நடுத்தர வகுப்பாரின் பிரச்சினையென ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியதுண்டு. முதலாளித்துவத்தில் தொழிலாளி தன் உழைப்புச் சக்தியைச் சுதந்திரமாக விற்பவன் என்பர். அதனை விற்பதற்கே இன்று அடையாள எண் வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியில் ஒருவரின் பல்லாண்டு உழைப்பு அவ்வெண்ணோடு பிணைந்து கிடக்கின்றது. ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ பத்தாண்டு உழைத்தவரின் எண் மாறியதும், பழைய எண்ணின்கீழ்ச் சேர்ந்த பணம் யாருடையது என்ற கேள்வி எழுகின்றது. இருவரும் ஒருவரே என நிறுவும் பொறுப்பு உழைத்தவர் தலையிலேயே விழுகின்றது. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமாயினும், நாட்கூலி பெறுபவருக்கு ஒவ்வோர் அலுவலக வாயிலும் ஒரு நாட் சம்பளம். மாதச் சம்பளக்காரர் விடுமுறை எடுத்துச் செல்வார். இவர் பட்டினியை எடுத்துச் செல்வார்.

இலக்கண மாணவர் என்ற முறையில் இவ்விடத்து ஒன்று கூற விரும்புகின்றோம். ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்பதையும், அவை ஏனைய பால்களின் ஈறுகளையே ஏற்று வரும் என்பதையும் தொல்காப்பியர் கிளவியாக்கத்திற் கூறினார். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியாரோ ஒரு படி மேலே சென்று, எதனை விட்டு எதனை அவாவினர் என்பதைக் கொண்டே அவர்தம் பாலை வகுத்தார். அதாவது பிறப்பை நோக்காது விழைவை நோக்கிப் பால் கொண்டார். இதனைக் காட்டிப் பண்டைத் தமிழர் பால்நிலைச் சமத்துவம் கண்டவர் எனப் பெருமை பேசுவாருடன் நாம் உடன்படுவதில்லை. அதே நூற்பா இவர்களை அஃறிணை போலக் கொள்ளவும் இடந்தருகின்றது. சொல்லுக்குத் தரப்பட்ட சலுகை வாழ்வில் தரப்பட்டது எனக் கொள்ளற்குச் சான்றில்லை. எனினும் விழைவு என்ற அளவுகோலை நன்னூல் அறிந்திருந்தது. எமது சுற்றுநிருபமோ விழைவுக்கு மருத்துவர் கையொப்பத்தை வேண்டி நிற்கின்றது. மருத்துவச் சான்று எதுவுமின்றி ஒருவரின் கூற்றையே ஏற்கும் சட்டத்தை ஆர்ஜென்டினா 2012இலேயே இயற்றிவிட்டது.

சுற்றுநிருபம் சட்டமன்று. பாராளுமன்றத்தில் நிறைவேறாத ஒன்றை அமைச்சொன்று பிறிதொரு சுற்றுநிருபத்தால் திரும்பப் பெறலாம். தனியார் வங்கியையும் தொழிற்சாலை முதலாளியையும் அது நேரே கட்டுப்படுத்துவதுமில்லை. அரசியல் யாப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமான ஓரங்காட்டலை விலக்கினாலும் பால்நிலை அடையாளத்தைப் பெயர் கூறிச் சுட்டவில்லை. ஆதலாற் சட்டமொன்றைக் கோருவதும், அடையாள எண்ணிலிருந்து பாலை நீக்குமாறு கோருவதும் ஒருங்கே நிகழவேண்டும். இந்தியாவின் ஆதார் எண்ணும் பன்னிரண்டு இலக்கங் கொண்டதே. அதன்மீது எமக்கு வேறு ஐயங்கள் உள்ளன. ஆயின் அவ்வெண்ணில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. பின்னைய கோரிக்கைக்குத் தொழில்நுட்பத் தடை யாதுமில்லை என்பதற்கு அது போதிய சான்று.

அதுவரை ஊர் மீள்பவர் புதிய அட்டையோடு பழைய அட்டையின் பிரதியையும் கோவையில் வைத்திருக்கவே வேண்டும். சேமலாப நிதியைக் கோரும் நாளில், தாம் கைவிட்ட பெயரால் உழைத்தவரும் தாமே என்று காட்டுவதற்கு வேறு வழியில்லை.