பாட்டு யாருக்குச் சொந்தம்?

பழைய ஹிந்திப் பாடல்களைப் புதுக் குரலில் மலிவாக விற்றுச் சந்தையைப் புரட்டிப் போட்டது டி-சீரிஸ். பாட்டை உருவாக்கியவர்களின் பங்குக்கு வழிபிறக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

தில்லி தரியாகஞ்சில் பழச்சாறு விற்றவரின் மகன் குல்ஷன் குமார். ராகம், தாளத்தைவிட அவருக்கு நன்றாகப் புரிந்தது, சாமானியனின் சட்டைப்பையில் எவ்வளவு இருக்கும் என்பது. 1983இல் அவர் தொடங்கிய டி-சீரிஸ், இந்திய இசைச் சந்தையின் பழைய ராஜாவுக்கே சவால் விட்டது.

அந்த ராஜா எச்எம்வி. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த கிராமஃபோன் கம்பெனியின் வாரிசு. ரிகார்டு தயாரிக்கப் பெரிய ஆலையும் முதலும் வேண்டும். அதனால் பல பத்தாண்டுகளுக்கு அதற்கு ஏறக்குறைய ஏகபோகம். கேசட்டுக்கு அந்தத் தடை இல்லை. நகலெடுக்கும் இயந்திரங்களும் சிறிய இடமும் போதும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த 'டூ-இன்-ஒன்'கள் வீடுதோறும் ஒலிக்கத் தொடங்கியபோது, சந்தை தயாராக இருந்தது.

ஆனால் முகேஷ், முகமது ரஃபி, கிஷோர் குமார் ஆகியோரின் புகழ்பெற்ற பாடல்கள் பலவும் எச்எம்வி வசம். வழிகாட்டியது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். ஒரு பாடல் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, ராயல்டி கட்டி, வேறொருவர் அதையே புதிதாகப் பாடிப் பதிவு செய்யலாம். 'கவர் வெர்ஷன்' வியாபாரம் சூடுபிடித்தது. ரஃபியின் பாடல்களை சோனு நிகமும், கிஷோரின் பாடல்களை குமார் சானுவும் பாடினார்கள். புதியவர்களுக்கு அது நுழைவாயில். 1990இல் 'ஆஷிகி' படப் பாடல்கள் சக்கைப்போடு போட, டி-சீரிஸ் அசைக்க முடியாத சக்தியானது. 1997 ஆகஸ்ட் 12 அன்று மும்பையில் கோயிலுக்குச் சென்று திரும்பிய குல்ஷன் குமார் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தக் கம்பெனிச் சண்டையில் கலைஞனின் நிலை என்ன? திரைப்படத்துக்காக எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் மாறாக ஒப்பந்தம் இல்லையென்றால், உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பாடகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதைத் தனிக் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர். அந்தக் குறை 1994இல்தான் ஓரளவு தீர்ந்தது. பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துகலைஞர்களுக்குச் சட்டம் உரிமை வழங்கியது.

பெரிய மாற்றம் 2012இல் வந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகப் போராடினார். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தங்கள் பாட்டு பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியைத் தயாரிப்பாளருக்கோ இசைக் கம்பெனிக்கோ விட்டுக்கொடுக்க முடியாது என்றது திருத்தம். கவர் வெர்ஷனுக்கான காத்திருப்பும் ஐந்து ஆண்டுகளாக நீண்டது.

எச்எம்வி நிறுவனம் 2000இல் 'சரிகம' என்று பெயர் மாறியது. கேசட்டும் காலாவதியானது. பாட்டு இப்போது கைபேசியில். ஆனால் பணம் எங்கெங்கு கேட்கப்பட்ட பாட்டுக்கு, யாருக்கு, எவ்வளவு என்ற கணக்கு இன்னும் கம்பெனிகளின் ஏடுகளில்தான் இருக்கிறது. சட்டம் கொடுத்த உரிமை கலைஞனின் கைக்கு வர, அவனும் கணக்குக் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.