கட்டுப்படி என்னும் சொல்லும் அதன் கணக்கும்

நமது குடியானவர்களின் பேச்சில் 'கட்டுப்படி' என்னும் சொல்லைப்போல் அடிக்கடி வழங்குவது பிறிதொன்றில்லை எனலாம். "இந்த விலைக்குக் கட்டாது", "அந்தக் கூலி கட்டுப்படியாகாது" என்று களத்திலும் சந்தையிலும் நாள்தோறும் கேட்கிறோம். விற்பவரும் இதையே சொல்லுகிறார். வாங்குபவரும் இதையே சொல்லுகிறார். இவ்வாறு எல்லோர் வாயிலும் புழங்குவதனாலேயே இச்சொல் வெறும் பேரப் பேச்சாகக் கருதப்படுகிறது. ஆயினும், ஒரு குடும்பத்தின் நிலம் அதன் கையில் நிலைப்பதும் நீங்குவதும் பெரும்பாலும் இச்சொல்லின் பொருளைச் சரிவர அறிந்து நடப்பதைப் பொறுத்திருக்கின்றன. ஆகவே அதனைச் சற்று ஆராய்தல் நலம்.

மலிவு வேறு, கட்டுப்படி வேறு

மலிவு என்பது பொருளின் விலையைப் பற்றிய சொல். கட்டுப்படி என்பதோ, அப்பொருளுக்கும் அதனை வாங்குவோர் நிலைமைக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றியது. ஒரே விலையுள்ள டிராக்டர் 30 ஏக்கர் பயிரிடுபவருக்குக் கட்டும். 3 ஏக்கர் உடையவருக்கு, அதனை வாடகைக்கு ஓட்டும் வாய்ப்பும் இல்லையாயின், கட்டாது. விலை ஒன்றே, நிலைமைதான் வேறு.

இப்பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் 'அஃபோர்ட்' என்னும் சொல், ஒரு காரியத்தை முன்கொண்டு சென்று நிறைவேற்றுதல் என்ற பொருளுடைய பழைய வினைச்சொல்லிலிருந்து பிறந்ததாகும். இது நாம் கவனிக்கத் தக்கது. முதல் தவணையைக் கட்டுவது கட்டுப்படியன்று. கடைசித் தவணை வரையில் தளராது கட்டி முடிப்பதே கட்டுப்படியாகும்.

விளைபொருளில் கட்டுப்படி

விற்குமிடத்தும் இச்சொல்லுக்குக் கணக்கு வேண்டும். விளங்குதற் பொருட்டு ஓர் உதாரணம் கூறுவோம். ஒருவர் ஓர் ஏக்கரில் நெல் பயிரிட்டு 20 குவிண்டால் கண்டார். விதை, எரு, உழவு, கூலி ஆகியவற்றிற்கு அவர் கைவிட்டுக் கொடுத்தது 24,000 ரூபாய். அவரும் அவர் வீட்டாரும் பாடுபட்ட உழைப்பின் கூலி 6,000 ரூபாய். சொந்த நிலத்திற்குரிய குத்தகை மதிப்பும் சொந்த முதலுக்குரிய வட்டியும் சேர்ந்து 10,000 ரூபாய். முதற் செலவை மட்டும் கொண்டால் குவிண்டாலின் அடக்கம் 1,200 ரூபாய்; வீட்டார் உழைப்பையும் சேர்த்தால் 1,500; யாவற்றையும் கூட்டினால் 2,000. வியாபாரி 1,900 ரூபாய் கொடுத்தால், முதலிரண்டு கணக்கின்படி இலாபம், மூன்றாவதன்படி நஷ்டம். ரொக்கம் கையில் நிற்பதைக் கண்டு இலாபமென்று மகிழ்பவர், தம் நிலத்தையும் உழைப்பையும் சிறிது சிறிதாக இலவசமாய்க் கொடுத்து வருகிறார் என்பதை உணர்வதில்லை.

சர்க்காரும் இம்மூவகைச் செலவையும் கணக்கிடுகின்றனர். 1965-ல் ஏற்பட்ட விவசாய விலைக் கமிஷன், 1985 முதல் விவசாயச் செலவு மற்றும் விலைக் கமிஷன் என்னும் பெயருடன் நடந்து வருகிறது. அதன் சிபார்சின்மேல் மத்திய சர்க்கார் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவிக்கின்றனர். டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை ஆராய்ந்த தேசிய விவசாயிகள் கமிஷன், உற்பத்திச் செலவுக்குமேல் நூற்றுக்கு ஐம்பதேனும் கூடுதலாக ஆதரவு விலை இருத்தல் வேண்டுமெனக் கூறிற்று. 2018-ல் சர்க்கார் அறிவித்த ஒன்றரை மடங்கு, இரண்டாவது கணக்கின் மேலது. மூன்றாவதன்மேல் வேண்டுமென்பது விவசாயச் சங்கங்கள் பலவற்றின் கோரிக்கை. மேற்கண்ட உதாரணத்தில், முன்னதன்படி விலை 2,250 ரூபாய். பின்னதன்படி 3,000 ரூபாய். ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருள், குவிண்டாலுக்கு 750 ரூபாய் வித்தியாசம் செய்கிறது.

கடனில் கட்டுப்படி

கடன் வாங்கிக் கிணறு வெட்டவோ இயந்திரம் வாங்கவோ கருதுவோர், நல்ல மகசூல் கண்ட ஆண்டை மனத்திற்கொண்டே தவணைக்கு ஒப்புகின்றனர். குடும்பச் செலவு போக நல்ல ஆண்டில் 70,000 ரூபாயும், மழை பொய்த்த ஆண்டில் 25,000 ரூபாயும் மிஞ்சுவதாகக் கொள்வோம். ஆண்டுத் தவணை 40,000 ரூபாயானால், நல்ல ஆண்டில் மீந்த 30,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயேனும் ஒதுக்கி வைத்தாலன்றி, கெட்ட ஆண்டில் நகையோ நிலமோ அடகுக்குப் போவது திண்ணம். ஆகவே கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: எவ்வெச்செலவு போக இது எனக்கு மிஞ்சும்? எத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும்? அவற்றுள் ஓராண்டு பொய்த்தால் எங்கிருந்து கட்டுவேன்?

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பொய்த்த ஆண்டின் பாரத்தைக் குடியானவர் தாங்குவதில் கிராம அதிகாரிகளுக்கும் பங்குண்டு. 2016 முதல் நடந்து வரும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேருவதற்கு நம் ராஜ்யத்தில் அடங்கல் நகல் தேவைப்படுகிறது. வெள்ளத்திலும் வறட்சியிலும் நிவாரணம் கோருவோருக்கும் அதுவே ஆதாரமாகும். வயலை நேரிற் பாராமல் பரப்பையோ பயிரையோ பிழையாகக் குறித்துவிட்டால், காப்பீட்டுக் கட்டணம் செலுத்தியவருங்கூட உரிய காலத்தில் உதவி பெறாமற் போக நேரும். பயிர் நிற்கும்போதே பார்த்து எழுதுதல் அவர்தம் கடமையாகும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்னும் பழமொழியைக் கூறிக் கணக்கெழுதாமலே விட்டுவிடுவோர் பலர். மிஞ்சாத காரணத்தை அறிவதற்கே கணக்கு வேண்டும். வருகின்ற விதைப்பு முதல் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில், கைவிட்டுக் கொடுத்த செலவு ஒரு பத்தியிலும், வீட்டார் உழைப்பு மற்றொரு பத்தியிலும், நிலத்திற்கும் முதலுக்கும் உரியது மூன்றாம் பத்தியிலுமாக எழுதி வருவீர்களாக. அறுவடையானதும் அம்மூன்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே, கட்டும் என்றோ கட்டாது என்றோ சொல்லுதல் தகும்.