விடியுமுன் பள்ளிக்கூடம் ஏன்?

ஜொகூர் பாருவில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். இந்தப் பருவம் சென்னைக் கல்லூரி ஒன்றுடன் இயங்கலையில் கூட்டு வகுப்பு.

“காலை 6 மணிக்கு இங்கே வெளிச்சம். கிழக்கே இருக்கும் உங்களுக்கு ஏன் இன்னும் இருட்டு?” என்று சென்னை மாணவி ஒருவர் கேட்டார்.

என் மாணவர்கள் கணக்குப் போட்டார்கள். இரு ஊர்களுக்கும் இடையே சுமார் 23 பாகை தீர்க்கரேகை. பாகைக்கு 4 நிமிடம். சூரியக் கணக்கில் நாம் ஒன்றரை மணி நேரமே முந்தியவர்கள். கடிகாரமோ இரண்டரை மணி நேரம் முந்துகிறது!

ஏற்கெனவே சூரியனை முந்திய நம் கடிகாரத்தை, சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக்க 1982 ஜனவரி 1இல் மேலும் 30 நிமிடம் முன்தள்ளினார்கள். அதனால்தான் நம் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். உச்சி வெயிலும் 1 மணியளவில்தான்.

பழகிய இருட்டைக் கவனிக்க அயலூர்க் கேள்வி தேவைப்பட்டது.