வாங்கிய எண்ணிம இசையை நகர்பேசிக்கு மாற்றுதல்

வாங்கிய எண்ணிம இசையை நகர்பேசிக்கு மாற்றுதல் என்பது, இணையக் கடையொன்றில் பணம் செலுத்திப் பெற்ற பாடற்கோப்பைக் கணினியிலிருந்தோ கடையின் வழங்கியிலிருந்தோ நகர்பேசியின் நினைவகத்துக்குக் கொண்டுசென்று, அங்கு கேட்கத்தக்கதாக ஆக்குதல் ஆகும். கோப்பைப் படியெடுப்பது எளிய செயலே. எனினும் வாங்கியவருக்குக் கிடைத்தது கோப்பா, கேட்பதற்கான உரிமம் மட்டுமா என்பதைப் பொறுத்தே, அப்பாடல் வேறொரு கருவிக்குச் செல்லுமா என்பதும், கடை மூடப்பட்ட பின்னும் ஒலிக்குமா என்பதும் அமைகின்றன.

தமிழ்நாட்டு வழக்கம்

2000களின் பிற்பகுதியில் நினைவக அட்டை பொருத்தத்தக்க நகர்பேசிகள் தமிழ்நாட்டில் பரவலாயின. திருப்பெரும்புதூரில் இருந்த நோக்கியா தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை நகர்பேசிகளை உற்பத்தி செய்தது. விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களிலும், நகர்பேசிக் கடைகளில் சிறு தொகை கொடுத்து அட்டையில் பாட்டு ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது.

இங்கு பணம் கொடுக்கப்பட்டாலும் அது பாடலை வாங்குதல் ஆகாது. கடைக்காரர் உரிமம் பெற்றிராவிடில், அத்தொகையில் எப்பகுதியும் பாடலின் உரிமையாளரைச் சென்றடைவதில்லை. மறுபுறம், இவ்வாறு ஏற்றப்பட்ட கோப்புகளில் பூட்டு எதுவும் இருக்கவில்லை. அவற்றை எக்கருவிக்கும் மாற்ற இயன்றது. முறையாக வாங்கியவருக்கோ இவ்வசதி பல வேளைகளில் கிடைக்கவில்லை. இம்முரண்பாடே எண்ணிம இசை வணிகத்தின் நெடுநாளையச் சிக்கலாக விளங்கியது.

எண்ணிம உரிமை மேலாண்மை

விற்கப்பட்ட கோப்பு அனுமதியின்றிப் பரவாமல் தடுக்கும் தொழில்நுட்பம் எண்ணிம உரிமை மேலாண்மை எனப்படுகின்றது. இதில் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டு, அதைத் திறக்கும் சாவி தனியே வழங்கப்படும். சாவி இல்லாத கருவியில் கோப்பு இருப்பினும் ஒலிக்காது. நகர்பேசிகளுக்கென ஓ.எம்.ஏ. அமைப்பு வகுத்த முறையில் மேலும் எளிய பூட்டு ஒன்றும் உண்டு. அப்பூட்டுள்ள கோப்பைப் பெற்ற நகர்பேசி அதனை ஒலிக்கச் செய்யும். ஆனால் வேறொரு நகர்பேசிக்கு அனுப்ப மறுக்கும்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்சு கடை தொடக்கத்தில் பூட்டிய கோப்புகளையே விற்றது. 2007இல் இ.எம்.ஐ. நிறுவனப் பாடல்களைப் பூட்டின்றி விற்கத் தொடங்கி, 2009இல் ஏனைய பாடல்களுக்கும் அதனை விரிவாக்கியது. இதனால் 2012 திசம்பரில் இந்தியாவில் அக்கடை திறக்கப்பட்டபோது, இந்திய வாடிக்கையாளர்களுக்குப் பூட்டில்லாக் கோப்புகள் கிடைத்தன.

மாற்றும் முறைகள்

பூட்டில்லாத கோப்பைப் பின்வரும் வழிகளில் மாற்றலாம்.

1. யூ.எஸ்.பி. வடம்: நகர்பேசியைக் கணினியுடன் இணைத்து, அதன் இசைக் கோப்புறைக்குள் படியெடுத்தல். பழைய நகர்பேசிகள் கணினிக்கு ஒரு புற வட்டு போலத் தோன்றின. ஆண்ட்ராய்டு நகர்பேசிகளில் இணைப்பு வகையாக "கோப்பு மாற்றம்" என்பதைத் தேர்ந்தெடுக்காவிடில், மின்கலம் மட்டுமே மின்னேற்றம் பெறும்.
2. அட்டை படிப்பான்: நினைவக அட்டையைக் கழற்றிப் படிப்பானில் செருகி, கணினியிலிருந்து நேரே படியெடுத்தல்.
3. புளூடூத்: வடமின்றி ஒவ்வொரு கோப்பாக அனுப்புதல். இது வேகம் குறைந்த முறையாகும்.
4. நேரடித் தரவிறக்கம்: வாங்கிய அதே கணக்கில் நகர்பேசியிலிருந்து நுழைந்து தரவிறக்குதல்.

ஐபோனின் இசைச் செயலிக்குள் பாடலைச் சேர்க்கக் கோப்புறையில் படியெடுத்தல் போதாது. ஐடியூன்சு போன்ற மென்பொருள் வழியாக ஒத்திசைக்க வேண்டும். 2019இல் வெளியான கேட்டலினா பதிப்பு முதல், மேக் கணினிகளில் இப்பணியைப் பைண்டர் செய்கின்றது.

கோப்பின் அளவும் பெயரும்

கோப்பின் அளவு, ஒரு நொடிக்குரிய பிட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள் இயற்றிய திருப்பாவை 30 பாடல்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் 5 நிமிடம் ஒலிப்பதாகக் கொண்டால், 128 கிலோபிட் எம்பி3 கோப்பு ஒன்று 4.8 மெகாபைட்டும், தொகுப்பு முழுவதும் 144 மெகாபைட்டும் ஆகும். 320 கிலோபிட் எனில் ஒரு கோப்பு 12 மெகாபைட், தொகுப்பு 360 மெகாபைட். பிந்தையதை நொடிக்கு 2.1 மெகாபிட் வேகமுள்ள பழைய புளூடூத் இணைப்பில் அனுப்ப ஏறத்தாழ 23 நிமிடங்கள் தேவைப்படும்.

பாடலின் பெயர், பாடியவர் முதலிய விவரங்கள் கோப்பினுள் ஐ.டி.3 எனும் ஒட்டில் எழுதப்படுகின்றன. இதன் முதற்பதிப்பில் பாடற்பெயருக்கு 30 பைட்டுகளே உண்டு. யூ.டி.எப்.-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், "திருப்பாவை" எனும் ஒரு சொல்லே அவ்விடம் முழுவதையும் நிரப்பிவிடும். இரண்டாம் பதிப்பில் இந்நெருக்கடி இல்லை. ஒருங்குறிக்கும் இடம் தரப்பட்டது. ஆயினும் தமிழ் எழுத்துரு இல்லாத பழைய நகர்பேசிகளில் பெயர்கள் கட்டங்களாகவே தோன்றின.

கடைகள் மூடப்படுதல்

பிளிப்கார்ட் நிறுவனம் 2012 பெப்ரவரியில் பிளைட் எனும் எண்ணிம இசைக் கடையைத் தொடங்கிப் பூட்டில்லாத எம்பி3 கோப்புகளை விற்றது. 2013 சூன் 17இல் விற்பனை நிறுத்தப்பட்டது. ஏற்கனவே வாங்கியவற்றைத் தரவிறக்க ஆகத்து 18 வரை காலம் தரப்பட்டது. அதற்குள் தரவிறக்கியோரிடம் பாடல்கள் நிலைத்தன. கோப்பில் பூட்டு இல்லாமையால், கடை மறைந்தும் அவை ஒலித்தன. கூகுள் பிளே மியூசிக் சேவையும் 2020 இறுதியில் நிறுத்தப்பட்டது. அதில் வாங்கியவற்றை யூடியூப் மியூசிக்குக்கு மாற்றவோ தரவிறக்கவோ 2021 பெப்ரவரி வரை வாய்ப்பு இருந்தது.

இசைத்தாரைச் சேவைகள் இவற்றினின்றும் வேறுபட்டவை. அவற்றில் "தரவிறக்கம்" செய்யப்படும் பாடல் மறையாக்கம் செய்யப்பட்டுச் செயலிக்குள் மட்டும் இருக்கும். 2019இல் இந்தியாவுக்கு வந்த சுபாட்டிபை சேவையில், தரவிறக்கிய பாடல்களைத் தொடர்ந்து கேட்க 30 நாட்களுக்கு ஒருமுறையேனும் இணையத்தில் இணைய வேண்டும். சந்தா முடிந்தால் அவற்றைக் கேட்க இயலாது. ஆகவே அது வாங்குதல் அன்று, வாடகை போன்றதே.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி சேர்க்கப்பட்ட 65அ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்குடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது, இரண்டு ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றமாகும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

* கிடைப்பது எம்பி3, ஏ.ஏ.சி., எப்.எல்.ஏ.சி. போன்ற திறந்த கோப்பா, செயலிக்குள் மட்டும் ஒலிப்பதா என்பதை வாங்குமுன் அறிதல்.
* வாங்கிய அன்றே கோப்பைத் தரவிறக்குதல்.
* நகர்பேசி தொலையக்கூடும், நினைவக அட்டை பழுதடையக்கூடும் என்பதால், மூலப்படியைக் கணினியிலோ புற வட்டிலோ வைத்து, படியை மட்டும் நகர்பேசியில் ஏற்றுதல்.

இவற்றையும் பார்க்க

* எம்பி3
* எண்ணிம உரிமை மேலாண்மை
* பதிப்புரிமை
* ஒருங்குறி
* திருப்பாவை