வென்றவனுக்கு வழியில்லையாம்!

வென்றால் மேலே ஏறு; தோற்றால் கீழே இறங்கு. தெருவிலே பந்தாடும் சிறுவனுக்கும் தெரிந்த சட்டம் இது. ஸ்பெயின் நாட்டுக் கூடைப்பந்திலே இதற்குப் பக்கத்திலே இன்னொரு சட்டத்தையும் எழுதி வைத்திருந்தார்கள்: வென்றால் மட்டும் போதாது, பணப்பையையும் அவிழ்!

அங்கே முதல் பிரிவை நடத்துவது, பெரிய கழகங்கள் 1982-ல் கூடி அமைத்துக்கொண்ட ஏ.சி.பி. என்ற சங்கம். இரண்டாம் பிரிவோ தேசியக் கூட்டமைப்பின் கையில். 1996-ல் பிறந்த அந்தப் பிரிவுக்கு 2007-ல் 'லெப் ஓரோ', அதாவது தங்கப் பிரிவு, என்று பெயர் வைத்தார்கள். 2024-ல் அதுவும் மாறி 'பிரிமேரா ஃபெப்' ஆயிற்று. பெயரிலே தங்கம் மின்னியதே தவிர, கழகங்களின் பெட்டியிலே மின்னவில்லை. முதலிடம் பெற்றவருக்கு நேராக உயர்வு. அடுத்து வரும் எட்டுக் கழகங்கள் மோதி இன்னொரு இடத்தைப் பிடிக்க வேண்டும்.

பிடித்தார்கள், தோழர்களே! பிடித்தவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பர்கோஸ் என்று ஓர் ஊர். எல் சிட் என்ற பழங்கால வீரனின் நாடு. அவனுடைய வாளின் பெயர் டிசோனா. அந்தப் பெயரையே தாங்கிய கழகம் 2013-ல் உயர்வை வென்றது. மேலே விடவில்லை. 2014-ல் மீண்டும் வென்றது. விடவில்லை. 2015-லும் வென்றது. அப்போதும் விடவில்லை! மூன்று ஆண்டு களத்திலே சிந்திய வியர்வைக்குக் கிடைத்த கூலி, மூடிய கதவு. 2016-ல் பலென்சியாவும், ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மெலிய்யாவும் வென்றன. அவற்றுக்கும் அதே கதிதான். 2012-ல் வென்ற மெனோர்கா தீவுக் கழகமோ, உயர்வுக்குப் பதில் கலைப்பைத்தான் கண்டது.

காரணம் என்ன? நுழைவுக் கட்டணம் மட்டுமே 30 லட்சம் யூரோவுக்கும் மேல். அதற்கு மேல் நிதியம், வைப்பு, வரி. விளம்பரக் காசையும் நகராட்சி உதவியையும் ரசிகன் வாங்கும் நுழைவுச் சீட்டையும் நம்பிக் காலம் தள்ளும் கழகம் எங்கே போகும்?

மேலே இருந்தவர்களுக்கு இதனால் வந்த ஆதாயத்தையும் பாருங்கள். 1948-ல் ஒரு பள்ளியிலே பிறந்த மாட்ரிட் கழகம் எஸ்டுடியான்டெஸ். 2012-ல் களத்திலே தோற்றது, இறங்கவில்லை. 2016-லும் தோற்றது, அப்போதும் இறங்கவில்லை. ஏற ஆளில்லாதபோது இறங்குவானேன்? (2021-ல்தான் இறங்கியது.) அந்தக் கழகத்தின் மீது நமக்குப் பகையில்லை. குற்றம் ஏற்பாட்டினுடையது.

சங்கத்தார் ஒரு நியாயம் சொன்னார்கள்: பணபலமற்ற கழகம் வந்தால் திவாலாகும், ஆட்டக்காரர் சம்பளம் நிற்கும் என்று. சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அச்சத்தை நாம் கேலி செய்யமாட்டோம். ஆனால் ஜாமீன் கேட்பது வேறு, விலை கேட்பது வேறு. சம்பளத்துக்கு உறுதி வேண்டுமென்றால் சம்பளத்துக்கான தொகையை ஒதுக்கிக் காட்டச் சொல்லலாமே! வாசலிலேயே கஜானாவைக் கொட்டச் சொல்லிவிட்டு, உள்ளே வந்தவன் ஆட்டக்காரனுக்கு எதைக் கொடுப்பான்?

2017 ஏப்ரலிலே அந்நாட்டுப் போட்டி ஆணையம் இந்த நிபந்தனைகள் அளவு மீறியவை என்று சொல்லி, சங்கத்துக்கு 400,000 யூரோ அபராதம் விதித்தது. அந்தக் கோடையிலேயே பூட்டு தளர்ந்தது. பர்கோசிலிருந்து, 2015-ல் தோன்றிய சான் பாப்லோ கழகம் உள்ளே நுழைந்தது. காளைச் சண்டை வட்டத்துக்குக் கூரை போட்டு அரங்கமாக்கிய ஊர் அது! அந்த அரங்கத்துப் பிள்ளைகள் 2020-லும் 2021-லும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்கள். அதே கோப்பையை 2017-லும் 2022-லும் வென்ற டெனெரிஃப் கழகமும், 2012-ல் இதே இரண்டாம் பிரிவிலிருந்து ஏறியதுதான். தகுதியில்லாதவர்களாம் இவர்கள்!

சான் பாப்லோ 2022-ல் தோற்று இறங்கியது. 2025-ல் வென்று ஏறியது. பலென்சியா 2023-ல் ஏறி, அடுத்த ஆண்டே இறங்கியது. இரண்டும் களத்திலே தீர்ந்த கணக்கு. மெலிய்யா மட்டும் முதல் பிரிவிலே ஒரு நாளும் ஆடியதில்லை.