‘அதெல்லாம் ஸ்டிக்கர்லயே இருக்கும்க்கா’

போன ஆவணியில் அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். ஐந்து மாடிக் கடை. மூன்றாவது மாடியில் நின்ற பையனிடம் அக்கா கேட்டாள், "இது கோர்வையா தம்பி?" அவன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான். "அதெல்லாம் ஸ்டிக்கர்லயே இருக்கும்க்கா." ஸ்டிக்கரில் பார்கோடும் விலையும்தான் இருந்தது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தொழில்ல அக்கறையே இல்ல" என்றார் அத்தான். நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது அவ்வளவு சுலபமான விஷயமில்லை என்று தோன்றியது.

கோர்வை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து, ஒவ்வொரு இழையாகக் கோத்துக்கொண்டே போவார்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு. கரை நாடாவைப் போடப் பக்கத்தில் ஒரு கையாள் வேண்டும். அதனால்தான் அந்த விலை. புடவையைத் திருப்பி விரலை ஓட்டினால் கோத்த இடம் தட்டுப்படும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கடையில் புடவை எடுத்துப் போட்ட ஒரு பெரியவர். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் அவரும் உட்கார்ந்திருப்பார், நாங்களும் உட்காருவோம். ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று காட்டுவார். "இது உங்களுக்கு வேணாம்மா, ரெண்டு தடவை கட்டினா கரை சுருங்கும்" என்று சொல்லி, விற்கவேண்டிய சரக்கையே ஒதுக்கி வைப்பார். முதலாளி பக்கத்து மேஜையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

அந்தப் பெரியவருக்குத் தெரிந்ததெல்லாம் இன்று எங்கே போனது? கொஞ்சம் ஸ்டிக்கருக்குப் போயிற்று, மிச்சம் கொள்முதல் செய்கிறவரோடு நின்றுவிட்டது. தளத்தில் நிற்பவருக்கு எடுத்துக் காட்டுவதும் மடிப்பதும் மட்டும்தான். அக்கா விடாமல் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது, அந்தப் பையன் சேர்ந்து நான்கே மாதம். அதற்குள் சுடிதார், வேட்டி, பட்டு என்று மூன்று செக்‌ஷன் மாறிவிட்டானாம். எதைக் கற்றுக்கொள்வான்?

ரிச்சர்ட் சென்னட் என்ற சமூகவியலாளர் 1998இல் எழுதிய புத்தகத்தில் பாஸ்டன் நகரத்து பேக்கரி ஒன்று வருகிறது. சுமார் 25 வருடம் முன்பு அவர் பார்த்தபோது அங்கே பெரும்பாலும் கிரேக்க வம்சாவளிக்காரர்கள். கை வெந்து, முதுகு ஒடிந்து, ராத்திரி முழுக்க வேலை. ஆனாலும் தங்களை ரொட்டி சுடுகிறவர்கள் என்று நினைத்தார்கள். திரும்பப் போனபோது எல்லாம் கம்ப்யூட்டர். திரையில் படத்தை அமுக்கினால் ரொட்டி வரும். வேலை முன்னைவிட லேசு, இடமும் சுத்தம். ஆனால் வேலை செய்பவர்களுக்கு ரொட்டி சுடத் தெரியாது, அது அவர்களுக்கே தெரியும். ஒட்டுதலே இல்லை என்கிறார். வேலை கஷ்டமாக இருப்பதால் ஒட்டுதல் போய்விடுவதில்லை. செய்வது என்னவென்று புரியாமல் செய்யும்போதுதான் அது போய்விடுகிறது.

இதற்காகப் பழைய காலத்தை ரொம்பவும் கொண்டாடவும் முடியாது. அந்தப் பெரியவர் சம்பளம் என்ன வாங்கினார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. தன் மகனை அவர் அந்த வேலைக்கு விடவில்லை, அது மட்டும் தெரியும். பையன்களிடம் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இன்னொரு செக்‌ஷனில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே "சைஸ் இல்ல" என்றார். சைஸ் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

ஆனால் மெத்தை போய் கவுண்டர் வந்ததும் இன்னொன்று நடந்தது. விற்கிறவர் நாள் முழுக்க நிற்கவேண்டியதாகிவிட்டது. பத்து மணி நேரம், பண்டிகை சமயத்தில் இன்னும் கூட. ஜவுளிக்கடைப் பிள்ளைகளின் அந்த வாழ்க்கையை 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தில் பார்த்திருப்பீர்கள். உட்காரும் உரிமைக்குக் கேரளத்தில் 2018இல் சட்டத் திருத்தம் வந்தது. தமிழ்நாட்டில் 2021இல்தான் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஒரு மனிதர் வேலை நடுவே உட்காரலாம் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அவரிடம் போய் நாம் தொழில் பெருமையை எதிர்பார்க்கிறோம்.

அக்கா கடைசியில் மாம்பழக் கலரில் ஒன்று எடுத்தாள். கோர்வைதான், திருப்பிப் பார்த்துவிட்டோம். பில் போடக் காத்திருந்தபோது அந்தத் தளத்தில் ஸ்டூல் இருக்கிறதா என்று தேடினேன். தூண் ஓரமாக ஒன்று இருந்தது. அதன்மேல் மடித்த புடவைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.